தேவகோட்டை உடையாத சார்ட்: எல்லாக் கருவியிலும் ஓடும் ஒரு லைப்ரரியைத் தேடியபோது

ஆத்தங்குடியில் தரைக்கல் அடிக்கும் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை கல் அடித்தார்கள், தொட்டியில் எத்தனை ஊறுகிறது, எந்த ஊருக்கு எத்தனை லோடு போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான் அதில். முதல் மாதம் முடிந்ததும் ஊர்வாரியான விற்பனையை ஒரு பட்டைப் படமாக அச்செடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் பட்டைகளைப் பார்க்கவே இல்லை. கீழே ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். “தம்பி, தேவகோட்டையை யாரு இப்படி ஒடிச்சுப் போட்டது?”

ஒடிந்துதான் இருந்தது. முதலில் ஒரு ‘த’. அதற்குப் பின்னால் வரவேண்டாத இடத்தில் இரட்டைச் சுழி. அடுத்த ‘வ’ அதோடு ஒட்டிக்கொண்டதால் படிக்கிற கண்ணுக்குத் ‘தவே’ என்று தெரிந்தது. கடைசி ‘டை’யின் கொம்பு, ஏறுவதற்கு எழுத்து இல்லாமல் வார்த்தையின் வாலில் தொங்கியது. பட்டைகளின் உயரம் எல்லாம் சரி, கூட்டல் சரி, நிறம்கூட அழகாக இருந்தது. ஆனால் ஊர்ப் பெயரையே தப்பாக எழுதியிருக்கும் காகிதத்தில் பணக் கணக்கு மட்டும் சரியாக இருக்கும் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்?

இந்த மாதிரிப் படங்களை நம் நிரலுக்காக வரைந்து தரும் ஆயத்த நிரல்தொகுப்புதான் சார்ட் லைப்ரரி. அன்றிலிருந்து அவற்றை நான் பார்க்கும் முறையே மாறிவிட்டது. வழக்கமாக எல்லோரும் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? எத்தனை வகைப் படம் வரையும், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், மாதிரிப் பக்கத்தில் எது அழகாக இருக்கிறது என்று பார்க்கிறோம். பட்டைப் படம், கோட்டுப் படம், வட்டப் படம் மூன்றும் பெரும்பாலான லைப்ரரிகளில் உண்டு. பட்டறைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் அந்த மூன்றே போதும். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்த லைப்ரரி எதன் மேல் உட்கார்ந்து வரைகிறது என்பதில் இருக்கிறது.

இதை விளக்க ஆத்தங்குடிக் கல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லைக் கவிழ்த்துத்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணக் கலவையை முதலில் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு நிரப்புவார்கள். நீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால்தான் கல்லின் முகம் தெரியும். நாம் மிதிக்கிற பக்கம் அடியில் பிறந்த பக்கம். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ கல்லும் அவ்வளவு வழவழப்பு. சார்ட்டும் அப்படித்தான். லைப்ரரி கணக்குப் போட்டு ‘இங்கே கோடு, இங்கே எழுத்து’ என்று சொல்லும். திரையில் தெரியும் முகத்தை வரைவது அதற்கு அடியில் இருக்கும் அடுக்கு.

அந்த அடுக்கு பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, பிரவுசர். டி3, சார்ட்ஜேஎஸ், ஈசார்ட்ஸ், பிளாட்லி, ஹைசார்ட்ஸ் எல்லாம் இதன் மேல் உட்கார்ந்தவை. இரண்டு, க்யூட்டி, ஜாவா, ஃப்ளட்டர் மாதிரி எல்லாக் கணினியிலும் தன் வரையும் எந்திரத்தைக் கூடவே சுமந்து செல்பவை. மூன்று, பைத்தான் நிரல்மொழியின் மேட்பிளாட்லிப் போல, தானே புள்ளி புள்ளியாக ஒரு படத்தை வரைந்து கோப்பாகத் தருபவை. ‘எல்லாத் தளத்திலும் ஓடும்’ என்று மூவருமே சொல்வார்கள். மூன்று பேர் சொல்வதற்கும் பொருள் வேறு.

எழுத்தைக் கோர்ப்பது யார்?

கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘தே’ என்பது ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘த’ முதலில், ஏகாரக் குறி அதற்குப் பின்னால். ஒலிக்கும் வரிசையில் சேமிப்பு. ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டியது கொம்பு முன்னால், ‘த’ பின்னால். ‘கோ’ இன்னும் சிக்கல். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து பாதியை முன்னும் பாதியைப் பின்னும் வைக்க வேண்டும். ‘கு’வில் குறி தனியாக நிற்கவே கூடாது, ‘க’வோடு கலந்து புது உருவம் எடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் பெயர் எழுத்துக் கோர்ப்பு. ஃபான்ட்டுக்குள் விதிகள் எழுதப்பட்டிருக்கும். அந்த விதிகளைப் படித்து நிறைவேற்ற ஒரு நிரல் வேண்டும். ஃபான்ட் மட்டும் இருந்தால் போதாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

திறமூல உலகில் அந்த நிரலின் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீகச் சொல்; பொருள் ‘திறந்த எழுத்து’. குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆப்பிள் கருவிகளில் அந்த வேலையைக் கோர்டெக்ஸ்ட் செய்கிறது. ஆகவே பிரவுசருக்குள் வரைகிற எந்த லைப்ரரியானாலும் தேவகோட்டை உடையாது. லைப்ரரி எழுதியவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அடியில் இருக்கும் கண்ணாடிக்குத் தெரியும்.

க்யூட்டி 5-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸை உள்ளேயே வைத்திருக்கிறது. ஜாவா 9-ஆம் பதிப்பில், அதாவது 2017-இல், பழைய எந்திரத்தைத் தள்ளிவிட்டு ஹார்ஃப்பஸுக்கு மாறியது. 2000-இலிருந்து இருக்கும் ஜாவா சார்ட் லைப்ரரியான ஜேஃப்ரீசார்ட், ஜாவா எழுத்தை எப்படி வரைகிறதோ அப்படியே வரையும். ஃப்ளட்டரிலும் கோர்ப்பு உண்டு. அதன் மேல் எழுதப்பட்ட எஃப்எல்சார்ட் தமிழைச் சரியாகவே காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் பக்கம் போனால்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே பல சார்ட் லைப்ரரிகள் ஸ்கியாஷார்ப் என்ற வரையும் அடுக்கின் மேல் நிற்கின்றன. ஸ்கியாவின் சாதாரண எழுத்து வரையும் கட்டளை எழுத்தைக் கோர்க்காது, வந்த வரிசையிலேயே வைத்துவிடும். கோர்ப்புக்கென்று தனித் துணைப்பொதி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் லைப்ரரி அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறதா என்பதை ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் முதலில் எடுத்தது மேட்பிளாட்லிப். பைத்தான் எழுதும் யாரும் கை நீட்டுகிற முதல் இடம் அது. ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் மின்முனைகள் பதிவுசெய்த அலைகளைப் பார்ப்பதற்காகத் தானே எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டது. 2012-இல் அவர் காலமானார். இன்று உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளின் படங்கள் அதில் வரையப்படுகின்றன. ஆனால் பல ஆண்டுகளாக அதன் இயல்பான வழியில் எழுத்துக் கோர்ப்பு இல்லை. ஃபான்ட்டிலிருந்து ஒவ்வொரு உருவமாக எடுத்து, வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் முதலில் வெறும் கட்டம் கட்டமாக வரும், ஏனென்றால் அதன் இயல்பான டேஜாவு ஃபான்ட்டில் தமிழே இல்லை. ஃபான்ட்டை மாற்றியதும் கட்டங்கள் போய் எழுத்து வரும். அப்பாடா என்று நினைக்கும்போதுதான் ‘தவே’ வந்து நிற்கும்.

மேட்பிளாட்லிபை விடவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எஸ்விஜி கோப்பாக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடு, எழுத்து என்ற குறிப்புகளாகவே படத்தை வைக்கும் கோப்பாக, சேமிக்கும்போது ‘எஸ்விஜி ஃபான்ட்டைப்’ என்ற அமைப்பை ‘நன்’ என்று வைத்தால், எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே கோப்பில் எழுதிவிடும். பிறகு பிரவுசரில் திறக்கும்போது பிரவுசரே கோர்த்துக்கொள்ளும். ஆய்வேடு எழுதுகிறவர்கள் ஸீலேட்டக் வழியாகப் பிடிஎஃப் எடுக்கலாம். எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று வரைவானும் உண்டு, அது கோர்ப்பைத் தெரிந்தது. மூன்றுமே நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ஒரு பட்டறையின் மடிக்கணினியில் இவற்றையெல்லாம் நிறுவி, ஆறு மாதம் கழித்து ஏதாவது உடைந்தால் ஆத்தங்குடிக்கு ஓடிப் போய்ச் சரிசெய்வது யார்?

இன்னொரு சின்ன விஷயம், பார்வைக்குத் தப்பிவிடும். பெயர் நீளமாக இருந்தால் லைப்ரரிகள் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும். ‘காரைக்குடி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்து. ஏழாவதில் வெட்டச் சொன்னால் ‘காரைக்க’ என்று நிற்கும், ‘கு’வின் குறி போய்விடும். நான்காவதற்கு முன் வெட்டினால் ‘காரை’ ‘கார’ ஆகிவிடும். தமிழ் எழுத்தை முழு எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் செக்மென்ட்டர் என்ற வசதி வந்திருக்கிறது. குரோமில் 87-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஃபயர்பாக்ஸில் 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதைவிட எளிய வழி ஒன்று: நீளமான ஊர்ப் பெயர்கள் இருந்தால் பட்டைகளைப் படுக்கையாக வரையுங்கள். பெயர்கள் இடப்பக்கம் முழுதாக நிற்கும். நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்து நிற்கும் தமிழை யாரும் விரும்பிப் படிப்பதில்லை.

நான்கு கருவிகள், ஒரு கணக்கு

பட்டறையில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய மடிக்கணினி. மேஸ்திரியிடம் ஆண்ட்ராய்டு போன். முதலாளியின் மகன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஐபோனில் பார்க்கிறார். காரைக்குடியில் கணக்குப்பிள்ளை லினக்ஸில் திறந்து அச்செடுக்கிறார். இந்தப் பக்கத்துக்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் பெட்டியடியில், தொழில் நடத்திய இடத்தில், எழுதிய கணக்கு கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதே கணக்கு நான்கு திரைகளில் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. இங்கே ‘எல்லாத் தளத்திலும்’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்கிறது.

முதலில் தடுத்தது அந்தப் பழைய மடிக்கணினிதான். பைத்தானில் விண்டோஸ் 7-ஐ ஏற்ற கடைசிப் பதிப்பு 3.8. க்யூட்டி 6 வந்ததும் விண்டோஸ் 10-க்குக் கீழே கிடையாது என்று சொல்லிவிட்டது, 5.15-ஓடு நின்றுகொள்ள வேண்டும். பிரவுசரைக் கூடவே கட்டித் தரும் எலக்ட்ரான், 2023-இல் 23-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-ஐயும் 8-ஐயும் விட்டுவிட்டது. குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றது. ஃபயர்பாக்ஸின் 115 நீண்டகாலப் பதிப்பு அதில் ஓடும். புதுக் கணினி வாங்கச் சொல்லலாமே என்று கேட்கலாம். சிமென்ட் தூசியும் ஈரமும் நிறைந்த இடத்தில் இருக்கும் கணினியை அது ஓடும்வரை மாற்ற மாட்டார்கள், அது நியாயமும்கூட. அந்தக் கணினி இணையத்தோடு நேரடியாகத் தொடர்பில் இல்லாமல் உள்ளூர் வலையில் மட்டும் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு கண்ணி இருப்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன எழுத்துப் பிரிக்கும் வசதி ஃபயர்பாக்ஸில் 125-இல் வந்தது. பட்டறைக் கணினியில் 115-தான் ஓடும். ஆக, அதே பக்கம் குரோம் 109-இல் சரியாக வெட்டும், ஃபயர்பாக்ஸில் பிழை சொல்லி நிற்கும். ‘பிரவுசரில் ஓடும்’ என்பது ஒற்றைச் சொல்லாக இருந்தாலும், எந்தப் பிரவுசரின் எந்தப் பதிப்பு என்று கேட்காமல் நம்பக்கூடாது.

எந்த ஃபான்ட் என்பதும் அப்படியே. விண்டோஸ் 7-இல் லதா இருக்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா. 10-இல் லதா தானாக வருவதில்லை, கேட்டு நிறுவ வேண்டும். லினக்ஸில் ஒருவரிடம் லோகித், இன்னொருவரிடம் ஒன்றுமே இல்லை. ஃபான்ட் மாறினால் எழுத்தின் அகலம் மாறும், அகலம் மாறினால் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டை நிரலோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன், அதன் உரிமம் தாராளமாக அனுமதிக்கிறது. பிரவுசருக்குள் புள்ளி புள்ளியாக வரையும் பரப்பான கேன்வாஸில் வரையும் லைப்ரரியானால் ஒரு எச்சரிக்கை: ஃபான்ட் வந்து சேருமுன் வரைந்துவிட்டால், வந்த பிறகு அது தானாக மாற்றிக்கொள்ளாது. ஃபான்ட் தயாராகிவிட்டது என்று பிரவுசர் சொல்லும்வரை காத்திருந்து வரைய வேண்டும். முதல் தடவை திறக்கும்போது ஒரு எழுத்து, இரண்டாம் தடவை இன்னொரு எழுத்து என்று யாராவது குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அச்சு விஷயத்திலும் கேன்வாஸுக்கும் எஸ்விஜிக்கும் வித்தியாசம் தெரிகிறது. கேன்வாஸ் என்பது புள்ளிகளால் ஆன படம். திரைக்கு ஏற்ற அளவில் வரைந்ததைக் காகிதத்தில் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு மங்கும். புள்ளிக்கும் சுழிக்கும் இடையில் பொருள் தங்கியிருக்கும் தமிழில் அந்த மங்கல் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக உறுத்தும். எஸ்விஜியில் எழுத்து எழுத்தாகவே அச்சுக்குப் போகிறது. சார்ட்ஜேஎஸ் எளிமையானது, சின்னது, 2013 முதல் இருக்கிறது, ஆனால் கேன்வாஸ் மட்டும்தான். டி3 எஸ்விஜியைத் தொட்டு வேலை செய்ய அருமையான கருவி. 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக் பாஸ்டாக்கும் நண்பர்களும் எழுதியது. ஆனால் அதை ஆயத்த சார்ட் லைப்ரரி என்று சொல்ல முடியாது. உளியும் சுத்தியும் தருவார்கள், தூணை நீங்கள்தான் செதுக்க வேண்டும். பிளாட்லியின் முழுக் கோப்பு 3 எம்பியைத் தாண்டும். பழைய கணினியில் திறப்பதற்கே நேரமாகிறது. ஈசார்ட்ஸ் மட்டும் ஒரே அமைப்பை மாற்றினால் கேன்வாஸிலோ எஸ்விஜியிலோ வரையும். பைடு நிறுவனத்தில் 2013-இல் பிறந்து, பிறகு அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்த லைப்ரரி அது.

லட்சமும் ஆடியும்

கணக்கு எழுதிப் பழகிய ஊர் இது. பேரேடும் ஐந்தொகையும் இன்றைக்கும் பல வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. இங்கே ஒருவரிடம் 1,250,000 என்று எழுதிக் காட்டினால் அவர் கண் ஒரு கணம் தயங்கும். 12,50,000 என்றால் உடனே பன்னிரண்டரை லட்சம். டி3-யும் பிளாட்லியும் பெரிய எண்களைச் சுருக்கும்போது ‘கே’, ‘எம்’ என்று ஆயிரத்தையும் மில்லியனையும் போட்டுவிடும். பட்டறையில் யாருக்கும் அது எண்ணாகவே தோன்றாது.

நல்லவேளையாக, படத்தின் ஓரத்தில் அளவு காட்டும் அச்சில் எங்கே கோடு போடுவது என்று லைப்ரரி போடும் கணக்கில் மாற்றம் தேவையில்லை. 1, 2, 5 போன்ற எண்களை 10, 100, 1000 என்று பெருக்கிய இடங்களில்தான் லைப்ரரிகள் பெரும்பாலும் கோடு போடுகின்றன. லட்சமும் கோடியும் அந்தப் பத்தின் அடுக்குகளே. எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். சார்ட்ஜேஎஸ்ஸில் லொகேல் என்ற இடத்தில் இந்திய ஆங்கிலத்தையோ இந்தியத் தமிழையோ குறித்தால் காற்புள்ளி தானாகச் சரியாகிவிடும். டி3-யில் மூன்று, இரண்டு, இரண்டு என்று தொகுக்கச் சொல்லலாம். ஈசார்ட்ஸில் அச்சில் வரும் எழுத்தை வடிவமைக்க ஒரு சிறு செயல்கூற்றை நாமே எழுதித் தரலாம். மேட்பிளாட்லிபிலும் அப்படியே. பிளாட்லியில் ஒவ்வொரு கோட்டுக்கும் எழுத வேண்டியதை நாம் பட்டியலாகத் தர வேண்டியிருக்கும். ஒரு லைப்ரரி அச்சின் எழுத்தை நம் கையில் விடுகிறதா என்பதை நான் இப்போதெல்லாம் இரண்டாவது கேள்வியாகக் கேட்கிறேன்.

மாதம் பற்றிய விஷயம் இதைவிட ஆழமானது. பட்டறைக்காரர் ஆரம்பத்திலேயே சொன்னார்: “ஆடியில ஆர்டர் வராது தம்பி, ஆனா லோடு போகும்.” ஆவணியில் புதுமனை புகுபவருக்கு ஆடிக்குள் கல் போய்ச் சேர்ந்து தரை பதித்தாக வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர் ஆடியில் ஆர்டர் கொடுக்க மாட்டார், ஆவணி பிறக்கட்டும் என்பார். மார்கழியும் தையும் இதே கதை. நான் ஜூலை, ஆகஸ்ட் என்று மாதம் பிரித்து வரைந்த படத்தில் இது எதுவுமே தெரியவில்லை. ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆர்டர் விழுந்த பள்ளம் இரண்டு மாதங்களுக்குப் பங்காகி மேடாகிவிட்டது. அவர் இருபது வருடமாகக் கண்ணால் பார்த்த உண்மையை என் படம் அழித்துவிட்டிருந்தது.

தமிழ் மாதத்தைத் தெரிந்த சார்ட் லைப்ரரி எதையும் நான் பார்க்கவில்லை. பிரவுசரில் ‘இந்திய நாள்காட்டி’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது அரசின் சக ஆண்டுக் காலண்டர். ஆடியைக் கேட்டால் கிடைக்காது. சூரியன் ராசி மாறும் நாளைக் கொண்டு பிறக்கும் மாதங்கள் என்பதால் 29 நாள் மாதமும் உண்டு, 32 நாள் மாதமும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒரு நாள் வேறுபடுவதும் உண்டு. ஆகவே பட்டறைச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் பிறக்கிறது என்று ஒரு சிறு அட்டவணை செய்தேன். நாள்வாரிக் கணக்கை அதன்படி மாதங்களாகக் கூட்டி, நாட்களால் வகுத்துச் சராசரியாக்கி, லைப்ரரியிடம் தேதியாகக் கொடுக்காமல் வெறும் பெயராகக் கொடுத்தேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று பன்னிரண்டு பெயர்கள். அதற்குத் தேதி அச்சே வேண்டாம், பெயர் அச்சு போதும். நேர அச்சுக்கென்று பெருமையாகச் சொல்லப்படும் வசதிகள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆடியில் ஆர்டர் கோடு கீழே போக, லோடு கோடு மேலே ஏறி, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் பளிச்சென்று தெரிந்தது.

இன்னொரு வேலைக்கு இன்னொரு லைப்ரரி

இவ்வளவும் சொல்லிவிட்டு, மேட்பிளாட்லிப் மோசம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது பெரிய தவறாகிவிடும். காரைக்குடியிலேயே அதற்கு நேர் எதிரான தேவை இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது, இந்த ஊரில்தான் இருக்கிறது. மின்வேதியியல் படிக்கிறவர்கள் அடிக்கடி வரைய வேண்டிய படம் ஒன்று உண்டு: மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிறகு அதே வழியில் இறக்கி, ஒவ்வொரு கணமும் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது. சுழல் வோல்ட்டாமெட்ரி என்பார்கள். அந்தக் கோடு போன பாதையை விட்டு வேறு பாதையில் திரும்பி வந்து ஒரு வாத்து வடிவக் கண்ணியாக மூடும்.

பல சார்ட் லைப்ரரிகள் இங்கே அமைதியாகத் தப்புச் செய்யும். கிடை அச்சில் எண் ஏறிக்கொண்டே போகும் என்று அவை எண்ணிக்கொள்கின்றன. வேகத்துக்குப் பெயர்போன யூபிளாட், வரிசையாக ஏறும் எண்களைத்தான் எதிர்பார்க்கிறது. க்யூட்டியில் ஓடும் க்யூகஸ்டம்பிளாட்டின் சாதாரண கிராஃப் புள்ளிகளைத் தானே வரிசைப்படுத்திவிடும். கண்ணி போய், மேலும் கீழும் குதிக்கும் முட்புதர் வரும். அதிலேயே கர்வ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். மேட்பிளாட்லிப் கொடுத்த வரிசையை மதித்து அப்படியே வரையும். ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் எழுத்து, பிடிஎஃபில் கூர்மையான கோடு, ஒரே நிரலை விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓட்டினால் ஒரே படம். அந்த வேலைக்கு அதை மிஞ்ச நான் எதையும் பார்த்ததில்லை.

எத்தனை புள்ளி என்பதும் அங்கே பெரிய கேள்வி. பேட்டரியை ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினால் லட்சக்கணக்கில் புள்ளிகள் சேரும். எஸ்விஜியில் தனித்தனியாக வரையும் ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பக்கத்தின் ஒரு தனி உறுப்பு. சில ஆயிரங்களைத் தாண்டினாலே பிரவுசர் மூச்சு வாங்கும். அப்போது கேன்வாஸ், அதையும் தாண்டினால் கணினியின் வரைகலைச் சில்லைக் கொண்டு வரையும் வெப்ஜிஎல். பட்டறையின் பன்னிரண்டு மாதத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. வேகப் பட்டியலைப் பார்த்து லைப்ரரி எடுப்பவர்கள் தங்களிடம் எத்தனை புள்ளி இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்தால் நேரம் மிச்சமாகும்.

உரிமம்

இதைக் கடைசியில் பார்க்கிறவர்கள் அதிகம், நானும் முன்பு அப்படித்தான். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்கள் என்றால் கவலையில்லை. பெயரையும் உரிமக் குறிப்பையும் கூடவே வைத்தால் போதும். சார்ட்ஜேஎஸ், பிளாட்லி, எஃப்எல்சார்ட், ஈசார்ட்ஸ் இந்த வகையில் வரும். ஜேஃப்ரீசார்ட் எல்ஜிபிஎல், அதாவது ஜிபிஎல் உரிமத்தின் தளர்ந்த வடிவம். க்யூட்டியின் பெரும்பகுதி எல்ஜிபிஎல்லில் கிடைப்பதால் அதன் சார்ட் பகுதியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள். க்யூட்டி சார்ட்ஸ் 2016-இல் 5.7-ஓடு திறக்கப்பட்டபோதே ஜிபிஎல் அல்லது வணிக உரிமம் என்றுதான் வந்தது. க்யூகஸ்டம்பிளாட்டும் அதே இரட்டை வழி. நிரலைப் பட்டறைக்காரர் கையில் கொடுப்பதே விநியோகம்தான். ஜிபிஎல் பகுதி உள்ளே இருந்தால் முழு நிரலின் மூலத்தையும் அதே உரிமத்தில் அவருக்குத் தரும் கடமை வரும். எனக்கு அதில் தயக்கமில்லை, தந்தும் இருப்பேன். ஆனால் அதே நிரலை நாளைக்கு மூடி விற்க நினைக்கிறவருக்கு அது முக்கியமான வாசல். நார்வேயிலிருந்து 2009-இல் வந்த ஹைசார்ட்ஸ் மிக நேர்த்தியானது, வணிகப் பயன்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 2002-இல் கொல்கத்தாவில் தொடங்கிய ஃப்யூஷன்சார்ட்ஸும் விலை கொடுத்து வாங்குவதே. நல்ல வேலைக்கு விலை கேட்பதில் தவறே இல்லை. அந்த விலையை யார், எத்தனை வருடம் கட்டுவார்கள் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

பட்டறைக்கு ஈசார்ட்ஸை எஸ்விஜி முறையில் எடுத்தேன். மடிக்கணினிக்குள் ஒரு சிறு சர்வர், அதைக் குரோம் 109-இல் திறக்கிறார்கள். மேஸ்திரியின் போன் பட்டறை வைஃபையில் அதே பக்கத்தைப் பார்க்கிறது. சிங்கப்பூருக்கும் காரைக்குடிக்கும் ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி என் கணினி வழியாகப் போகிறது. லைப்ரரிக் கோப்பை இணையத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இழுக்காமல் உள்ளேயே வைத்தேன், கரன்ட் போய் நெட் போனாலும் படம் வரும். பதிப்பு எண்ணைக் குறித்து வைத்து அதிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

எந்த லைப்ரரியை எடுப்பதற்கு முன்னும் இப்போது ஒரு பக்கம் வரைந்து பார்க்கிறேன். அதில் தேவகோட்டை, காரைக்குடி, கொப்புடையம்மன் கோயில் என்று மூன்று பெயர்கள், 12,50,000 என்று ஓர் எண், ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாதம். அதை நிரல் ஓட வேண்டிய மிகப் பழைய கணினியில் திறந்து, அங்கே இருக்கும் அச்சு எந்திரத்திலேயே எடுக்கிறேன். ஆத்தங்குடியில் அப்படி எடுத்த காகிதத்தைப் பட்டறைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு, “சரி, பாக்கி யாரு யாருக்கு எவ்வளவுன்னும் இதே மாதிரி போட்ருங்க” என்றார்.